சூட்டு உடம்புக்காரி

மாவில் உப்பைப் போட்டுக் கையால் அடித்துக் கலக்கிக்கொண்டேதான் இதைச் சொல்கிறேன், கை நின்றால் மாவும் நின்றுவிடும், அதனால் கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதோ இந்த எவர்சில்வர் குண்டான் எங்கள் வீட்டுடையது, மூடியில் சிவப்பு நூல் கட்டினது பக்கத்து வீட்டுக் கோமளா அக்காவுடையது, ஈயம் பூசின பெரிய பித்தளைக் குண்டான் வைத்தியர் வீட்டுடையது, மற்றவையும் சேர்த்துப் பதினோரு வீட்டுக்குப் பதினோரு குண்டான், எல்லாவற்றுக்குள்ளும் என் கைதான் போக வேண்டும். கலக்கி முடித்ததும் ஒவ்வொன்றையும் பழைய புடவையில் சுற்றி, நான் படுக்கிற பாயைச் சுற்றிச் சாமியைச் சுற்றி விளக்கு வைத்த மாதிரி வைத்துவிட்டு, நடுவில் நானும் என் பெண் துளசியும் படுத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரருக்கு இடம் கிடையாது, அவர் கதவோரமாகச் சுருண்டு கிடப்பார். வைத்தியர் வீட்டில் முன்பெல்லாம் எங்கள் வீட்டுத் தண்ணீரைக்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். இப்போது என் கை முழங்கை வரைக்கும் அவர்கள் மாவுக்குள் இருக்கிறது, இட்லி உப்பி வந்தால் போதும், உப்ப வைத்த கை எந்த வீட்டுக் கை என்று யாரும் கேட்பதில்லை.

எனக்குச் சூட்டு உடம்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்கு அமுலு என்பதைவிட அதுதான் பெயர். எங்கள் ஊர் பாலாற்றங்கரையில், நாலு பக்கமும் மொட்டைப் பாறை மலைகளுக்கு நடுவில், அடுப்பில் ஏற்றி வைத்துவிட்டு மறந்துபோன வாணலி மாதிரி கிடக்கிற ஊர்; இங்கே பிறந்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே பயம்தான், உடம்பு சூடாகிவிடுமோ என்று. கண்ணில் கட்டி வந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு, பையன் பரீட்சையில் பெயிலானால் சூடு, புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் இரண்டு பேருக்குமே சூடு, அதற்காகத் தொப்புளில் விளக்கெண்ணெய், உச்சந்தலையில் நல்லெண்ணெய், வெறும் வயிற்றில் வெந்தயம். பஸ்ஸில் ஒருத்தர் எழுந்த சீட்டில் இன்னொருத்தர் உடனே உட்கார மாட்டார்கள், எழுந்தவருடைய சூடு நமக்கு ஏறிவிடும் என்று சீட்டை நாலு தட்டுத் தட்டி, ஆறவிட்டுத்தான் உட்காருவார்கள். அப்படிப்பட்ட ஊரில் நான் எழுந்த நாற்காலி கால் மணி நேரத்துக்கு ஆறாது. தெருப் பூனைகள் நான் உட்கார்ந்த இடமாகப் பார்த்துப் படுக்கும். என் கையில் கொடுத்த மோர் கை மாறுவதற்குள் புளித்துவிடும்.

என் மாமியார் பெயர் பேபியம்மா. பெற்றவர்கள் பேபி என்று வைத்தார்கள், அறுபத்திரண்டு வயதிலும் மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள்தான் பரசுராம வைத்தியரை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அப்போது துளசிக்கு மூன்று மாதம், சித்திரை மாத வெயிலில் குழந்தையின் கழுத்து, முதுகு எல்லாம் வேனல் கட்டி.

"பாருங்க வைத்தியரே, புள்ள முதுவ பாருங்க, நெல்லிக்கா காய்ச்ச மாதிரி கீது. எல்லாம் இவ பாலுதான். நேத்து இவ குந்தி எழுந்த பிளாஸ்டிக் சேரு வளைஞ்சி போச்சி. மருமவள கட்டினு வந்தமா, மசால்வட அடுப்ப கட்டினு வந்தமான்னே தெரியல."

வைத்தியர் என் கையைத் தொடாமலேயே நாடி பார்த்தார், தொட்டால் சூடு ஏறிவிடும் அல்லவா. பார்த்துவிட்டு, "சூட்டுப் பாலு. குடுக்கவே கூடாது," என்றார். தன்னுடைய குளிர்ச்சித் தைலம் ஒரு பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே முடிவாகிவிட்டது. வருகிற புதன்கிழமை பஸ்ஸில் என்னை ஆரணிக்கு, என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது. துளசி இங்கேயே இருப்பாள், டின் பால் குடிப்பாள். என் உடம்பு குளிர்ந்த பிறகு நான் வரலாம். எப்போது குளிரும் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது, பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் ஆஜர் சொல்வதற்கே வெட்கப்பட்டு, நிறைய நாள் வந்தும் வராதவளாகத்தான் இருந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறவர். அவர் அம்மா பேசும்போது வாய்க்குள் ஐஸ் கட்டியை அடக்கி வைத்திருக்கிறவர் மாதிரி நிற்பார், அது கரைந்து அவர் பேசுவதற்குள் பேச்சு முடிந்திருக்கும். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, இன்னும் ஐந்து நாள், இன்னும் நாலு நாள் என்று பால் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை கத்திரி வெயில் பிறந்தது. காலை பதினோரு மணிக்கு, மொட்டை மாடிகளில் எல்லாம் வடாம் பிழிந்து காயப்போட்டிருந்த நேரத்தில், வானத்தில் இருந்து வெள்ளையாக, மெதுவாக, அவசரமே இல்லாமல் ஒன்று இறங்கி வந்தது. உலகத்தில் வேறு எங்கே இப்படி நடந்தாலும் ஜனங்கள் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டிருப்பார்கள், எங்கள் தெருவில் முதலில் கேட்ட சத்தம், "ஐயோ, வடாம்!" என்பதுதான். பதினோரு வீட்டுப் பொம்பளைகளும் மாடிக்கு ஓடி, ஈர வடாமைத் துணியோடு சுருட்டி அள்ளிக்கொண்டு இறங்கி, அதற்குப் பிறகுதான் கையில் ஒட்டினது என்ன என்று பார்த்தார்கள். கோமளா அக்கா நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு இல்ல," என்றாள், வடாமைப் பற்றிச் சொன்னாளா வானத்தைப் பற்றிச் சொன்னாளா தெரியவில்லை. சாயங்காலம் வரைக்கும் அதை ரைஸ்மில் தவிடு என்றார்கள், மறுநாள் இலவம்பஞ்சு என்றார்கள், மூன்றாம் நாள் முழங்கால் உயரத்துக்கு வந்தபிறகு, பேப்பரில் 'பனிப்பொழிவு' என்று போட்டிருந்ததைப் பார்த்து, "பனியா? மார்கழியில புல்லுல முத்து முத்தா நிக்குமே, அதுவா? அது இன்னாத்துக்கு இவ்ளோ குண்டா கீது?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

புதன்கிழமை பஸ் வரவில்லை. ஆற்றுப் பாலத்தின் அந்தப் பக்கம் வரைக்கும் வழக்கமான வெயில் அடித்துக்கொண்டிருந்தது, பாலத்தில் இருந்து இந்தப் பக்கம் எல்லாம் வெள்ளை. பாலாற்றில் பிறந்ததிலிருந்து மணலைத் தவிர எதையும் பார்க்காதவர்கள் கரையில் நின்று, இப்போதுதான் ஆறு பெயருக்கு ஏற்ற மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள். பாலம் எங்கள் ஊர்ப் பக்கமாகச் சரிந்து இருப்பதால் அரிசி மூட்டை, பருப்பு மூட்டை, டின் பால் பெட்டி எல்லாவற்றையும் அந்தக் கரையில் இருந்து தள்ளிவிட்டால் சறுக்கிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்துவிடும், ஆனால் இங்கே இருந்து மனுஷர்கள் ஏறினால் பாதியில் சறுக்கி, உட்கார்ந்த நிலையிலேயே புறப்பட்ட இடத்துக்கு வந்து சேருவார்கள். அத்தை பாலத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மூட்ட வருது, மருமவ போவ மாட்டேன்றா," என்று என்னவோ நான்தான் பாலத்தில் எண்ணெய் தடவினேன் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

அப்படியாக, என்னை அனுப்ப நினைத்தவர்களும் நானும் ஒரே அறைக்குள் ஏழு மாதம் அடைந்து கிடந்தோம். ஜன்னலுக்குப் பழைய புடவைகளை அடைத்தோம், கதவிடுக்கில் என் கல்யாணப் பட்டுப்புடவையின் சரிகைத் தலைப்பைத் திணித்தோம். துளசியின் துணிகளைக் கொடியில் போட்டால் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும், மடித்தால் உடையும், உடைந்ததைத் தைக்க வேண்டியிருந்தது. ஐஸ் கம்பெனியை மூடிவிட்டார்கள், ஊரே ஐஸாக இருக்கும்போது விலை கொடுத்து யார் வாங்குவார்கள். என் வீட்டுக்காரர் வீட்டில் சும்மா இருந்தார், ஆனால் குளிரைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் என்று அவரிடம் யோசனை கேட்க ஜனங்கள் வந்தார்கள். அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். "உமி போடுங்க," என்பார். "உமி போட்டா ஐஸு உருகாது." அதைக் கேட்டு இரண்டு பேர் படுக்கையில் உமி கொட்டிப் படுத்து, நன்றாகவே உருகாமல் எழுந்து வந்து அவரைத் திட்டினார்கள்.

எங்கள் ஜனங்களுக்குக் குளிர் எந்த வழியாக வரும் என்பதில் சந்தேகமே கிடையாது, அது காது வழியாகவும் உச்சந்தலை வழியாகவும்தான் வரும். அதனால் தலையில் மூன்று துண்டு, அதற்கு மேல் குரங்குக் குல்லா, காதில் பஞ்சு, இவ்வளவையும் கட்டிக்கொண்டு, கீழே லுங்கியும் ரப்பர் செருப்பும் போட்டு, முழங்கால் வரைக்கும் பனியில் இறங்கி நடந்தார்கள், கால் மரத்துப்போய் வீட்டுக்கு வந்து, "காதுல எங்கியோ சந்து இருக்குது," என்று இன்னும் ஒரு துண்டு கட்டினார்கள். மலைமேல் கோவணத்தோடு நிற்கிற முருகனுக்கு ஸ்வெட்டர் போடலாமா என்று ஒரு வாரம் சண்டை நடந்தது, போட்டால் ஆண்டி எப்படி ஆண்டியாவார் என்று ஒரு கட்சி, போடாவிட்டால் சாமிக்குச் சளி பிடித்து நமக்கு வரம் தருகிறவர் தும்மிக்கொண்டிருப்பார் என்று ஒரு கட்சி. கடைசியில் கோவணத்தை மட்டும் கம்பளியில் தைத்துச் சாத்தினார்கள். ஆடி மாதத் தீமிதிக்கு எந்த வருஷமும் பத்துப் பதினைந்து பேர்தான் காப்புக் கட்டுவார்கள், குண்டத்தில் இறங்கினதும் ஒரே ஓட்டமாக ஓடிவிடுவார்கள். இந்த வருஷம் முந்நூறு பேர் காப்புக் கட்டினார்கள், இறங்கினவர்கள் ஓடவில்லை, நடக்கவும் இல்லை, நடுவில் நின்று ஒருத்தரை ஒருத்தர் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பூசாரி வேப்பிலையால் அடித்து, "ஏறுடா மேல, அடுத்தவன் வரட்டும்," என்று துரத்த வேண்டியதாகப் போயிற்று. அதே மாதம் கோடையைச் சமாளிக்க என்று இலவச மின்விசிறிகள் பாலத்தில் சறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தன. ஜனங்கள் பனியில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனார்கள், சும்மா வருவதை யாராவது வேண்டாம் என்பார்களா.

இதையெல்லாம் தாங்கிக்கொண்ட தெரு ஒன்றே ஒன்றைத் தாங்கவில்லை. மாவு புளிக்கவில்லை. வைகாசி கடைசியில் ஆரம்பித்தது. ஆட்டி வைத்த மாவு ஆட்டி வைத்தபடியே, செத்தவர் கண் மாதிரி அசையாமல் கிடந்தது. ஊற்றினால் இட்லி கூழாங்கல் மாதிரி வந்தது, நாய்க்குப் போட்டால் நாய் அதை முகர்ந்துவிட்டு, யார் எறிந்தார்கள் என்று கோபமாகத் திரும்பிப் பார்த்தது. காலையில் உப்புமா, மத்தியானம் மிச்ச உப்புமா, சாயங்காலம் வேறு பெயரில் அதே உப்புமா. பத்து நாளில் தெருவில் ஒருத்தரோடு ஒருத்தர் பேசுவது நின்றுபோனது, வானத்தில் இருந்து ஆளை மூடுகிற அளவுக்குப் பனி கொட்டினபோது கும்பிடாதவர்கள் மாரியம்மனிடம் போய், "தாயே, ஒரே ஒரு ஈடு இட்லி," என்று அழுதார்கள்.

எங்கள் வீட்டில் மட்டும் மாவு புளித்தது. அறையில் வேறு இடம் இல்லாததால் குண்டானை என் பாயோரம், தலைமாட்டில் வைத்திருந்தேன், காலையில் பார்த்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வழிந்து, துளசியின் தலைமயிர் வரைக்கும் வந்திருந்தது. அத்தை நாலு இட்லி சாப்பிட்டார்கள், ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்கள், ஆறாவதைக் கேட்டார்கள். வாசனை பிடித்துக்கொண்டு கோமளா அக்கா வந்து கதவைத் தட்டினாள்.

"இட்லியா வேவுது? நெசமாவா? அடிப்பாவி, எப்பிடி?"

நான் தலையைக் குனிந்துகொண்டு, "என் பக்கத்துல வச்சிருந்தேங்க்கா," என்றேன்.

"உன் பக்கத்துலயா? இரு, என் குண்டான எடுத்தாரேன்."

மறுநாள் மூன்று குண்டான், ஒரு வாரத்தில் பதினொன்று. குண்டானோடு நிற்கவில்லை. எந்தத் தெருவில் நான் எழுந்த இடத்தைத் தட்டி ஆறவைத்தார்களோ அதே தெருவில் நான் எப்போது எழுந்திருப்பேன் என்று ஜனங்கள் பக்கத்தில் நின்று காத்திருந்தார்கள், எழுந்ததும் சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். உறைந்துபோன தேங்காயெண்ணெய் பாட்டில்களை என் கையில் கொடுத்து, ஊர் விஷயம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, உருகினதும் வாங்கிக்கொண்டு போனார்கள். வைத்தியர் குளிர்ச்சித் தைலத்தில் இருந்த 'குளிர்ச்சி'யைச் சுரண்டிவிட்டு 'சூடு' என்று பேனாவால் எழுதி, அதே எண்ணெயை விற்றார். அத்தை மட்டும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நான் உட்கார்ந்திருந்தால், "போ, போயி அடுப்ப பாரு," என்பார்கள், நான் எழுந்து போய்த் திரும்பிப் பார்த்தால் என் இடத்தில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

துளசி என்னிடமே பால் குடித்து வளர்ந்தாள். வேனல் கட்டி எல்லாம் எப்போதோ காய்ந்து உதிர்ந்துவிட்டது, குளிர்காலம் முழுக்க அவளுக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. இப்படியே போய்விடும் என்றுதான் நினைத்தேன். யாரும் என்னை அனுப்பப் பேசவில்லை, பனி இருக்கிற வரைக்கும் பிள்ளை எனக்குத்தான் என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பனி நிற்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டுகூட இருந்தேன்.

ஆவணியில் குளிர் இன்னும் இறுகிற்று. ஒரு நாள் காலையில் மாவு பாதிதான் பொங்கியிருந்தது. பதினோரு வீட்டிலும் இட்லி சப்பையாக வந்தது. மத்தியானமே தெருக்கோடியில் பழைய டயரைக் கொளுத்திச் சுற்றி நின்றுகொண்டு கூட்டம் போட்டார்கள், வைத்தியர் நடுவில் நின்றார்.

"சூடு எங்க போவுது?" என்று கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். "பால்ல போவுது. கொழந்த ஒரு நாளைக்கி எட்டு தரம் உறியுது, எட்டு தரமும் நம்ம சூட்டத்தான் உறியுது. அமுலு உடம்பு இப்ப அவ உடம்பு மட்டும் இல்ல, தெருவோட சொத்து. கொழந்தைக்கி டின் பாலு குடுக்கலாம். எங்க வூட்ல வச்சி, என் சம்சாரம் பாத்துக்குவா. பாலு நின்னா மாவு பொங்கும்."

"நாலு மாசம் முன்னாடி சூட்டுப் பாலு ஆவாதுன்னீங்க," என்றாள் கோமளா அக்கா.

"அப்பவும் குடுக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன், இப்பவும் அதத்தான் சொல்றேன். நான் பேச்சு மாறல, காரணந்தான் மாறிச்சி."

எல்லோரும் தலையில் நாலு துண்டோடு ஆமாம் ஆமாம் என்று ஆட்டினார்கள். அத்தை, "நான் மொதல்லயே சொன்னனே," என்றார்கள். என் வீட்டுக்காரர் ஒரு தடவை இருமினார். நான் துளசியின் காலைப் பிடித்துக்கொண்டே நின்றேன், வாய் திறந்து வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது, பதினோரு வீட்டுக் கண்ணும் என்னைப் பார்த்ததும் இறங்கிப்போய்விட்டது. குழந்தையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

எதிர் வரிசையில் மூன்றாவது வீடு. அங்கே அவள் அழுதால் இங்கே கேட்கும். டின் பாலை வைத்தியர் தாடியில் துப்பினாள் என்று கோமளா அக்கா வந்து சொன்னாள். அன்று முழுக்க அழுதாள், நான் பதினோரு குண்டானையும் கலக்கினேன், ரவிக்கை நனைந்து, நனைந்தது குளிரில் விறைத்துத் தகடாகி, அதற்குள் மறுபடி நனைந்தது. மறுநாள் காலையில் மாவு பொங்கவில்லை. பாதிகூட இல்லை, எல்லாக் குண்டானிலும் மேலே கண்ணாடி மாதிரி ஏடு. வைத்தியர் விரலால் தட்டிப் பார்த்தார், டங்கென்றது. "மொத நாளு அப்பிடித்தான். பாலு வத்தட்டும்," என்றார். இரண்டாம் நாளும் டங்கென்றது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது கை மாவில் இருப்பதால் வாய் தன்பாட்டுக்குச் சொல்கிறது. அந்த இரண்டு நாளும் மாவு புளிக்காமல் போனது என் சூடு போனதால் இல்லை, எனக்கு இருந்த கோபத்துக்கு அந்த அறையில் பாறாங்கல்லை வைத்திருந்தால்கூடப் புளித்திருக்கும். அத்தையும் அவரும் தூங்கினதும் பதினோரு குண்டானையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வாசலுக்கு வெளியே பனியில் வைத்துவிட்டு, அவர்கள் எழுவதற்கு முன்னால் திரும்ப எடுத்துவந்து பாயைச் சுற்றி வைத்துவிட்டேன். வாய் பேசத் தெரியாதவளுக்குக் கை பேசத் தெரியும்.

ஆனால் குண்டான் பனியில் இருந்தால் பனியில் தடம் இருக்கும் அல்லவா, அது எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் நாள் காலையில் எல்லோரும் உள்ளே நின்று மாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்வாசல் கதவு திறந்திருந்ததைப் பார்த்துப் போனேன். அத்தை அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் காலடியில் வட்ட வட்டமாகப் பதினோரு குழி, அளந்து வெட்டின மாதிரி, வைத்தியர் வீட்டுப் பித்தளைக் குண்டானின் பெரிய வட்டம்கூடத் தனியாகத் தெரிந்தது. உள்ளே இருந்து வைத்தியர், "பேபியம்மா, அங்க இன்னா?" என்று கேட்டுக்கொண்டே வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. அத்தை என்னைப் பார்த்தார்கள். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

அத்தை குனிந்து தென்னந்துடைப்பத்தை எடுத்தார்கள். முழங்கால் வலிக்கிறது என்று ஏழு வருஷமாகத் துடைப்பத்தைத் தொடாதவர்கள், இந்தப் பக்கம் நாலு வீச்சு, அந்தப் பக்கம் நாலு வீச்சு, பதினோரு குழியையும் பெருக்கித் தள்ளிச் சமமாக்கிவிட்டார்கள்.

"ஒண்ணுமில்ல வைத்தியரே. பூன பேண்டு வச்சிகீது. மிதிச்சிடப் போறீங்க, அங்கியே நில்லுங்க."

துடைப்பத்தைப் போட்டுவிட்டு, தலையில் துண்டுகூடக் கட்டாமல், வெறும் காதோடு தெருவில் இறங்கி, எதிர் வரிசை மூன்றாவது வீட்டுக்கு நடந்தார்கள். அவர்கள் அங்கே பேசினது தெருவுக்கே கேட்டது.

"புளிக்கல. புள்ளய குடு."

"வைத்தியரு இன்னும் ரெண்டு நாளு..."

"ரெண்டு நாளுல உன் வைத்தியருக்கு இன்னா புதுசா தாடி மொளைக்கப் போவுதா, இவ துப்பறதுக்கு? தாய் கிட்ட இருந்தா மாவு பொங்குது, இல்லன்னா டங்குன்னுது. கண்ணு முன்னால கீது. சூடு தாய்க்கும் இல்ல, புள்ளைக்கும் இல்ல, ரெண்டும் ஒண்ணா கெடந்தாத்தான் வருது. ஒனக்கு இட்லி வேணுமா, உப்புமா வேணுமா, அத சொல்லு மொதல்ல."

வைத்தியர் வீட்டம்மா யோசிக்கவே இல்லை. குழந்தையைப் போர்வையோடு கொடுத்துவிட்டாள். அத்தை வந்து துளசியை என் மடியில் பொத்தென்று போட்டு, "இந்தா. ரெண்டு நாளா தெருவுல ஒருத்தர தூங்க வுடல, ஆத்தாள மாதிரி ஊமையா இருந்தா தேவல," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். துளசி ஒரு மணி நேரம் குடித்தாள். அன்றைக்குக் கலக்கி வைத்த மாவு மறுநாள் காலையில் பதினோரு மூடியையும் தள்ளிக்கொண்டு எழுந்தது, வைத்தியர் வீட்டுப் பித்தளை மூடி உருண்டுபோய் என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. குழிகளைப் பற்றி அத்தை அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

இப்போது கார்த்திகை. முந்தாநாள் தெருமுனையில் தார் ரோடு ஒரு முழம் தெரிந்தது, எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நேற்று மலைப்பாறையில் வெயில் பட்டது. இன்று காலையில் பாலத்தில் இருந்து பஸ் ஹாரன் கேட்டது, ஆரணி வண்டிதான், அந்த ஹாரன் எனக்குத் தெரியும். வைத்தியர் வாசலில் உட்கார்ந்துகொண்டு பாட்டிலில் இருந்த 'சூடு' என்பதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். கோமளா அக்கா இன்றைக்கு நான் எழுந்த பலகையைத் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தாள், தட்டின பிறகுதான் தான் தட்டினதே அவளுக்குத் தெரிந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் பத்து நாளில் மாவு தன்பாட்டில் புளிக்க ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு நான் மறுபடியும் வெறும் சூட்டு உடம்புக்காரிதான்.

ஹாரன் கேட்டபோது அத்தையும் கேட்டார்கள். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை ஒரு நிமிஷம் நின்றது, மறுபடி ஆய்ந்தது. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அதனால் காலையில் இருந்து இந்தப் பதினோரு குண்டானையும் கலக்கக் கலக்க நான் ஒரு பதிலைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், இந்தத் தடவை தொண்டையோடு இறங்கிப்போகாது, அவர்கள் போகச் சொன்னால் நேராக முகத்தைப் பார்த்து, அத்தை, நான் போனால் பிள்ளையும் என்கூடத்தான் வரும், இருந்தால் இரண்டு பேரும் இருப்போம், இதில் வேறு பேச்சுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு, அப்புறம்

"அமுலு! ஏய் அமுலு! அங்க இன்னா மாவு கூட குசுகுசுன்னு பேசிக்கினு கீற? புள்ள பசியில என் மூக்க புடிச்சி சப்புது. மாவு கெடக்குது, மொதல்ல வந்து பால குடு. ஆறிடப் போவுது!"

தோ வரேன் அத்தை. கையைக் கழுவிக்கொண்டு, இந்தக் கடைசிக் குண்டானை மட்டும் இப்படி ஓரமாக